பம்பு கேட்ட கேள்வி

ஊட்டி மலைச்சரிவில் ஒருநாள் ஒரு கேரவன் வண்டி நின்றிருந்தது. அதில் பரந்தாமனும் பூங்கோதையும் அவர்களுடைய கைக்குழந்தை நறுமுகையும் ஊர் சுற்ற வந்திருந்தார்கள்.

முதல்நாள் இரவு உறைபனி கொட்டியது. காலை வெயில் ஏறியதும், குழாயைத் திறந்தால் மட்டும் தானாக ஓடும் வண்டியின் தண்ணீர்ப் பம்பு, யாரும் எதையும் திறக்காமலே ஓடத் தொடங்கியது. ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது.

பம்புக்கே விளங்கவில்லை. சிங்க் குழாயிடம் கேட்டது. "நீயா கூப்பிட்டாய்?"

"நான் இறுக மூடியிருக்கிறேன்."

"எனக்குக் குறைந்துகொண்டே வருகிறது," என்றது தண்ணீர்த் தொட்டி. "யார் குடிக்கிறார்கள்?"

"என்னிடம் ஒரு சொட்டுகூட வரவில்லை. வீணாய் என்னைச் சந்தேகப்படாதீர்கள்," என்றது கழிவுத் தொட்டி.

கம்பளிகள் அடுக்கிய பெட்டிக்குப் பின்னால் ஓடிய தண்ணீர்ப் பைப்பையும் பம்பு விடவில்லை. "உனக்கு ஏதாவது ஆயிற்றா?"

பைப் யோசித்தது. "ராத்திரி உள்ளே ஏதோ முட்டியது. இப்போது லேசாக இருக்கிறது. நல்லதுதானே?"

மறுபடி ஓடியது பம்பு.

"என்னங்க, யாரும் குழாயைத் திறக்கல. இது ஏன் ஓடிக்கிட்டே இருக்கு?" என்றாள் பூங்கோதை.

"சத்தம் தொந்தரவா இருந்தா சுவிட்சை அணைச்சிடு," என்றான் பரந்தாமன்.

அணைத்தாள். அதற்குள் தொட்டி பாதிக்குமேல் காலியாகியிருந்தது.

பொழுது சாயும்போது குளிர் மறுபடி இறங்கியது. குழந்தைக்குப் போர்த்தப் பெட்டியைத் திறந்தார்கள். கம்பளிகள் எல்லாம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தன. பின்னால், இரவில் உள்ளே உறைந்த தண்ணீர் முட்டியதில் பைப் நீளவாக்கில் வெடித்திருந்தது.

"இவ்வளவு நடந்திருக்கு, எனக்கே தெரியலையே," என்று முனகியது பைப். பம்பு பதில் சொல்லவில்லை. அதைத்தான் அணைத்துவிட்டார்களே.

நறுமுகையின் விரல்கள் சில்லிட்டிருந்தன. பரந்தாமன் தன் ஸ்வெட்டரைக் கழற்றி அவளைச் சுற்றிக் கட்டினான். உடனே வண்டியைக் கிளப்பி மலையிறங்கினார்கள்.

கொஞ்சதூரத்தில் குழந்தையின் உடம்பு கதகதப்பானது. பூங்கோதைக்கு மூச்சு வந்தது. ஆனாலும் ஏதோ சரியில்லை. வண்டி மெல்ல வலப்பக்கம் ஒதுங்குவதும் சட்டென்று திரும்புவதுமாக இருந்தது. சாலையா, டயரா, தன் மனப்பிரமையா? அவளுக்குப் புரியவில்லை.

"உங்களுக்குக் குளிரலையா?"

"எனக்கென்ன? நான் நல்லாத்தான் இருக்கேன்."

"வண்டியை ஓரமா நிறுத்துங்க."

"எதுக்கு? இன்னும் கொஞ்ச நேரத்துல கீழ போயிடலாம்."

"நிறுத்துங்கன்னு சொல்றேன்ல."

நிறுத்தினான். அவள் அவன் கையைத் தொட்டுப் பார்த்தாள். பனிக்கட்டி.

"இப்ப நிஜத்தைச் சொல்லுங்க."

பரந்தாமன் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து விரல்களை மடக்கிப் பார்த்தான்.

"விரல்ல உணர்ச்சியே இல்ல, பூங்கோதை. எப்போ போச்சுன்னும் தெரியல."

அவள் அவன் கைகளை இழுத்துக் குழந்தைக்கும் தனக்கும் நடுவே பொத்திக்கொண்டாள். கண்ணாடிக்கு வெளியே, பத்தடி தூரத்தில், சாலை கொண்டை ஊசியாக வளைந்து பள்ளத்தின் விளிம்பில் திரும்பியது.