குவளைக்குத் திறந்த வாசல்

முன்னொரு காலத்தில் வளவராயர் என்ற மன்னருக்கு வீட்டைப் பெரிதாக்கும் ஆசை வந்தது. நமக்கு அந்த ஆசை வந்தால் கொல்லைப்புறத்தில் ஓர் அறை கூடும். வந்தது மன்னருக்கு அல்லவா? பழைய அரண்மனையில் பாதியை இடித்துவிட்டுப் பதினொரு புது வாசல்களோடு புது அரண்மனை எழும்பியது. ஒவ்வொரு வாசலும் யானை தாராளமாக நுழையும் உயரத்தில் இருக்க வேண்டும் என்று மன்னர் சொல்லியிருந்தார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அவரிடம் ஏன் என்று கேட்கக்கூடிய ஒரே ஆள் விகடகவி கூத்தையன். அவன் அன்றைக்குப் பல்வலி என்று வீட்டிலேயே படுத்துவிட்டான்.

அந்த நாட்டில் அரண்மனைக்குள் போகிற எல்லோருக்கும் ஓர் ஓலை உண்டு. யார் எந்த வாசல் வழியாகப் போகலாம் என்று அதில் எழுதியிருக்கும். சமையற்காரருக்கு மடைப்பள்ளி வாசல், நாவிதருக்குக் குளியல் மண்டபத்து வாசல், இப்படி. கூத்தையனின் ஓலையில் மட்டும் எந்த வாசலின் பெயரும் கிடையாது. 'மன்னர் சிரிக்கும் இடத்துக்கெல்லாம் இவன் போகலாம்' என்று வளவராயரே தம் கையால் எழுதித் தந்திருந்தார்.

தினமும் மாலையில் இருவரும் பழைய மண்டபத்துத் தரைக்கல்லில் கட்டம் கீறி ஆடுபுலி ஆடுவார்கள். புளியங்கொட்டைகள் ஆடு, மூன்று கூழாங்கற்கள் புலி. மன்னர் எப்போதும் ஆட்டின் பக்கம்தான். "பகலெல்லாம் புலியாக இருந்து அலுத்துவிட்டது, கூத்தையா. மாலையிலாவது ஆடாக இருந்துவிட்டுப் போகிறேன்" என்பார். குடிபோவதற்கு முதல் நாள் மாலை, மிச்சமிருந்த அந்த மண்டபத்தையும் இடிக்கிறவர்கள் கடப்பாரையோடு வந்து நின்றபோதும் ஆட்டம் பாதியில் இருந்தது. கூத்தையன் முறை. எந்தப் பக்கம் நகர்த்தலாம் என்று ஒரு புலியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தவன், எழுந்த அவசரத்தில் அதை மடியில் செருகிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டான்.

புது அரண்மனைக்குக் குடிபோகும் முன் மன்னர் வாசல் அதிகாரி ஏகாம்பரரை அழைத்தார். "புது வாசல்களில் வேண்டாதவர் ஒருவர்கூட நுழையக்கூடாது. வேண்டியவர் ஒருவர்கூட வெளியே நிற்கக்கூடாது. நாளைக் காலைக்குள் முடித்துவிடுங்கள்" என்றார். ஏகாம்பரர் ஆகட்டும் என்று தலையாட்டினார். பதினொரு வாசலுக்கும் யார் யார் வேண்டியவர் என்று ஒரே பொழுதில் யாரால் சொல்ல முடியும்? அவர் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தார். பழைய ஓலையில் 'எல்லா வாசலும்' என்று யாருக்கு இருக்கிறதோ, அவர்களுக்குப் புது வாசல்களும் தாமாகத் திறக்கும். மற்ற எவருக்கும் திறக்காது. பழைய ஏட்டைப் புரட்டி, 'எல்லா வாசலும்' உடைய ஒன்பது பெயர்களை மட்டும் படியெடுத்து, முதல் புது வாசலில் பலகையில் எழுதி மாட்டிவிட்டார். மற்றவர்கள் விண்ணப்பித்து வாங்கிக்கொள்ளலாம் என்று கீழே ஒரு வரியும் சேர்த்தார். விண்ணப்ப அறை ஐந்தாவது புது வாசலுக்கு உள்ளே இருந்தது.

அப்புறம் நடந்ததைக் கேட்பானேன். சமையற்காரர் முதல் வாசலில் சோற்றை இறக்கிவைப்பார். அது கைமாறிக் கைமாறி மன்னர் இலைக்குப் போவதற்குள் ஆறி அவலாகிவிடும். நாவிதர் கத்தியைத் தீட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்தவர், பத்தாம் நாள் வாசற்காரனுக்கே சவரம் செய்துவிட்டுத் திரும்பினார். ஏகாம்பரருக்கு இதிலெல்லாம் கவலையில்லை. அவருக்குக் கூத்தையன் மேல் வெகுநாளாக வயிற்றெரிச்சல். மாதக்கணக்கில் பாடுபட்டு அவர் எழுதிய நிர்வாகத் திட்டத்தை மன்னர் கொட்டாவியோடு கேட்பார். கூத்தையன் வந்து ஒரு தும்மல் போட்டால் விழுந்து விழுந்து சிரிப்பார். யாருக்குத்தான் எரியாது?

முதல் நாள் மாலை கூத்தையன் வந்தபோது வாசற்காரன் சங்கிலி ஈட்டியைக் குறுக்கே வைத்தான்.

"மன்னிச்சுக்கோங்க சாமி. பலகையில உங்க பேரு இல்ல."

"என் ஓலையைப் பாரப்பா."

அதற்குள் ஏகாம்பரரே வந்துவிட்டார். ஓலையை வாங்கி நிதானமாகப் படித்தார். "மன்னர் சிரிக்கும் இடத்துக்கெல்லாம். நல்லது. ஆனால் இந்தப் புது அரண்மனையில் மன்னர் இதுவரை சிரிக்கவில்லையே. அவர் சிரிக்காத இடம் உம்முடைய ஓலையில் எப்படி அடங்கும்?"

"சிரித்தால்?"

"சிரித்தால் தடையில்லை. சங்கிலி, நீயும் கேட்டுக்கொள். மன்னரின் சிரிப்புச் சத்தம் உள்ளேயிருந்து உன் காதில் விழுந்தால் இவரை விட்டுவிடலாம்." சிரிக்கவைக்கிற ஆளையே வெளியில் நிறுத்திவிட்டோம், இனி யார் சிரிக்கவைப்பது என்ற பூரிப்பில் ஏகாம்பரருக்குக் கன்னம் இரண்டும் உப்பிப்போயின.

"மன்னர் என்னைக் கேட்டாரா?" என்றான் கூத்தையன்.

"உம் பெயரை அவர் எடுக்கவே இல்லை."

அது பொய்யில்லை. உள்ளே மன்னர் அவரிடம், "வரவேண்டியவர்கள் எல்லோரும் ஓலை வாங்கிவிட்டார்களா?" என்று மட்டும் பொதுவாகக் கேட்டிருந்தார். "விண்ணப்பம் ஒன்றும் வரவில்லை, அரசே" என்றார் ஏகாம்பரர். அதுவும் பொய்யில்லை. மன்னர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வர மனமில்லாதவனைப் பெயர் சொல்லி அழைப்பானேன் என்று அவருக்கு ரோஷம்.

கூத்தையனுக்கு ரோஷமெல்லாம் மூன்று நாளில் கரைந்துவிட்டது. ஏக்கம்தான் மிஞ்சியது. தினமும் மாலையில் கால்கள் தாமாக அந்த வாசலுக்கு வந்துவிடும். சங்கிலி பாவம், மரியாதைக்கு எழுந்து நிற்பான். கூத்தையன் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பான். உள்ளே நிசப்தம். மடியிலிருந்த கூழாங்கல்லை உருட்டிக்கொண்டே திரும்பி நடப்பான். வழியில் எதையாவது பார்த்தால், இதை அவரிடம் சொல்ல வேண்டும் என்று மனம் துள்ளும். சொல்ல முடியாது என்பது அடுத்த அடியில் ஞாபகம் வரும். சொல்லாமல் சேர்த்துவைத்த வேடிக்கைகள் நெஞ்சில் பாரமாக ஏறிக்கொண்டன. கடைத்தெருவில் யாராவது "ஒரு விகடம் சொல்லுங்க" என்றால் அவனுக்கு வாய் வரவில்லை. எத்தனையோ பேர் சிரித்திருக்கிறார்கள். அந்த ஒரு சிரிப்பு இல்லாமல் இருக்க முடியாது என்பது அவனுக்கே இப்போதுதான் தெரிந்தது.

வேறு வேலையில்லாமல் அந்தப் பலகையைத் தினமும் படித்ததில் ஒன்பது பெயரும் அவனுக்கு மனப்பாடம். முப்பத்தொன்பதாம் நாள், ஏழாவது பெயரில் அவன் கண் நின்றது. குவளை.

"சங்கிலி, இந்தக் குவளை யார்?"

"யாரோ அந்தப்புரத்து அம்மான்னு அதிகாரி சொன்னாரு. இதுவரைக்கும் வரல சாமி."

கூத்தையனுக்கு இத்தனை நாளில் முதல்முறையாகச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அதை அடக்கிக்கொண்டு யானைக் கொட்டடிக்கு ஓடினான்.

முடிசூட்டு நாளில் மன்னருக்கு மாலை போட்ட பட்டத்து யானையின் பெயர்தான் குவளை. மாலை போட்ட யானைக்கு 'எல்லா வாசலும்' என்று ஓலை எழுதிக் கழுத்தில் கட்டுவது அந்த நாட்டு வழக்கம். யார் என்று பாராமல் பெயரை மட்டும் பார்த்துப் படியெடுத்த ஏகாம்பரருக்கு அது எங்கே தெரியப்போகிறது?

"அவளும் ஒழுங்கா தின்னு நாளாச்சுங்க" என்றான் பாகன் மூக்கன். "வெள்ளிக்கெழமயானா ராசா கையால வெல்லம் வாங்குவா. இப்ப அந்தத் தெசைய பாத்துக்கிட்டே நிக்கிறா. என்னைய வாசக்காரன் உள்ள விடமாட்டேங்கிறான். எனக்குத்தான் ஓலை இல்லயே."

"உனக்கு வேண்டாம். அவளுக்கு இருக்கிறது. தும்பிக்கையில் எதைக் கொடுத்தாலும் மன்னர் கையில் கொண்டுபோய்க் கொடுப்பாளா?"

"மாலை போட்ட நாள்லேர்ந்து அந்தப் பழக்கந்தானே."

கூத்தையன் மடியிலிருந்து கூழாங்கல்லை எடுத்தான். கொடுக்க மனம் வரவில்லை. மன்னர் சினந்தால் தன் கழுத்தோடு மூக்கன் கழுத்தும் போகும். சினக்காமல், இது என்ன கல் என்று வீசிவிட்டால்? அதை நினைக்கத்தான் அவனுக்கு அதிகப் பயமாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு கல்லைத் தும்பிக்கையில் வைத்தான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை மாலை, முதல் புது வாசலில் குவளை வந்து நின்றாள். மூக்கன் பத்தடி பின்னால் நின்றுகொண்டான். சங்கிலி அண்ணாந்து பார்த்தான்.

"பெயர் குவளை. பலகையைப் பார்" என்றான் கூத்தையன்.

சங்கிலி பலகையைப் பார்த்தான், கழுத்து ஓலையைப் பார்த்தான், ஈட்டியை விலக்கினான். குவளை நுழைந்தாள். வாசலுக்கு வாசல் ஈட்டிகள் விலகின. பதினோராவது வாசலுக்கு உள்ளே கண்ணாடி மண்டபம். என்னவோ ஏதோ என்று ஏகாம்பரர் மேலாடையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார்.

வெளியே கூத்தையன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஒரு சத்தமும் இல்லை. மூக்கன் குலதெய்வத்தைக் கும்பிட ஆரம்பித்தான். அப்போது பதினொரு வாசலையும் தாண்டி வந்தது அந்தச் சிரிப்பு. "புலியை யானைமேல் ஏற்றி அனுப்பியிருக்கிறானே, திருட்டுப் பயல்" என்ற குரலும் கூடவே வந்தது.

"கேட்டதா, சங்கிலி?"

"ஊருக்கே கேட்டுச்சு சாமி. உள்ள போங்க."

கூத்தையன் ஓடவில்லை. வாசல்களை எண்ணிக்கொண்டே நடந்தான். வழியில் ஏகாம்பரர் மறித்தார். "எந்த ஓலையில் இந்த வாசலின் பெயர் இருக்கிறது?"

"நீங்கள் படித்த அதே ஓலைதான், ஐயா. மன்னர் சிரித்துவிட்டார். நீங்கள் சொன்னபடி சங்கிலியும் கேட்டுவிட்டான்."

கண்ணாடி மண்டபத்தில் மன்னர் தரையில் உட்கார்ந்திருந்தார். தாடி காடாக மண்டியிருந்தது. முன்னால் பழைய மண்டபத்துத் தரைக்கல். அதைப் பெயர்த்துவந்து பதித்திருந்தார். புளியங்கொட்டைகள் விட்டது விட்டபடி இருந்தன. ஒரு புலிக்கான இடம் மட்டும் காலி.

"நாற்பது நாளாக உன் முறை" என்றார் மன்னர். "எங்கே போனாய்?"

"வாசலில்தான் இருந்தேன், அரசே. தினமும்."

ஓலையின் கதையையும் ஐந்தாம் வாசலுக்குள் இருக்கும் விண்ணப்ப அறையையும் கேட்டபோது மன்னருக்கு மறுபடி சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஏகாம்பரரே, இனி விண்ணப்ப அறை தெருவில். மேற்கூரை வேண்டாம். வருகிற ஒவ்வொருவரிடமும் உள்ளே உனக்கு என்ன வேலை என்று கேளுங்கள். அந்த வேலைக்கு எந்த வாசல் வேண்டுமோ அதை எழுதிக்கொடுங்கள். முதலில் நாவிதர்" என்றார். குவளைக்கு ஒரு கூடை வெல்லம் வந்தது. கூத்தையனுக்கு முத்துமாலை வந்தது.

பிறகு மன்னர் அவன் ஓலையைக் கேட்டு வாங்கினார். எழுத்தாணியை எடுத்தார். 'சிரிக்கும்' என்ற சொல்லை அடித்துவிட்டு, மேலே வேறொரு சொல்லை எழுதித் திருப்பிக் கொடுத்தார்.

'மன்னர் இருக்கும் இடத்துக்கெல்லாம் இவன் போகலாம்.'

"சிரிக்காத நாட்களில்தான் நீ அதிகம் வேண்டியிருக்கிறது, கூத்தையா" என்றார்.

கூத்தையன் கீழே உட்கார்ந்து, மன்னர் அருகே கிடந்த அந்தப் புலியை எடுத்து நகர்த்தி, மன்னரின் ஆடு ஒன்றை வெட்டினான். மன்னர் சிரித்துக்கொண்டே அடுத்த ஆட்டை வைத்தார்.