கண்டக்டருக்கு வந்த சந்தேகம்

மலையடிவாரத்தில் ஒரு மடம் இருந்தது. பேருக்குத்தான் மடம். ஓர் ஓட்டு வீடு, நாலு கொய்யா மரம், மார்பளவு மதில், ஓர் இரும்புக் கேட். அங்கிருந்த குருவைச் சொம்புச்சாமி என்பார்கள். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற எந்நேரமும் கையில் ஒரு சொம்பு. வயது நாற்பதுகூட ஆகவில்லை.

சீடர் தணிகாசலத்துக்கு அறுபத்து மூன்று. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வண்டியில் டிக்கெட் இல்லாமல் ஓர் ஈ காக்காய்கூடப் போனதில்லை. சொந்த மச்சானையே நடுவழியில் இறக்கிவிட்ட மனிதர்! அப்பேர்ப்பட்டவர் அன்று காலை சட்டைப்பையைத் தடவிக்கொண்டே வந்து உட்கார்ந்தார். பைக்குள் போன். போனுக்குள் ஒரு பழைய படம்.

“சாமி, ஒரு சந்தேகம்.”

“கேளுங்க.”

“நாளன்னிக்கு எங்களுக்குக் கல்யாண நாள். நாப்பது வருசம் முடியுது. கல்யாணம் ஆன புதுசுல சம்பூரணத்தைக் கூட்டிட்டுப் போன மொத படத்தை இன்னொரு தரம் பாக்கணும்னு அவளுக்கு ரொம்ப நாளா ஆசை.”

“காட்டுங்க. நல்ல விஷயம்தானே?”

“அதைப் புதுசா மெருகேத்தி டவுன் தியேட்டர்ல திரும்பப் போட்டிருக்காங்க. ஆனா அதே படம் இதோ என் போன்லயே இருக்கு. அக்கா பையன் அனுப்புனான். திருட்டுப் பிரிண்டுதான். ஆனா பளிங்கு மாதிரி இருக்கு சாமி.”

“சரி.”

“நடிச்சவங்கள்ல பாதிப் பேர் போய்ச் சேர்ந்தாச்சு. இதுல யார் வயித்துல அடிக்கப் போறோம்? தப்பில்லதானே?”

“தப்பில்லன்னா என்கிட்ட ஏன் கேக்குறீங்க?”

தணிகாசலம் அசடு வழிந்தார்.

“இது எங்க கெடச்சுதுன்னு அவ கேப்பா. நான் பொய் சொன்னா என் மூஞ்சியைப் பாத்தே கண்டுபிடிச்சிடுவா. நல்ல நாளும் அதுவுமா அவ முகம் சுண்டிப்போனா என்னால தாங்க முடியாது சாமி. நீங்க ஒரு வார்த்தை பரவால்லன்னு சொல்லிட்டீங்கன்னா, சாமியே சொல்லிட்டாருன்னு சமாளிச்சிடுவேன்.”

சாமி வாய்விட்டுச் சிரித்தார். கொய்யா மரத்திலிருந்த கிளி ஒன்று பறந்து போனது.

“அந்தக் காலத்துல எப்படிப் பாத்தீங்க?”

கேட்டதுதான் தாமதம், தணிகாசலத்துக்கு முகமெல்லாம் பல்.

“கல்யாணத்துக்கு முந்தியே மூணு வாட்டி பாத்துட்டேன் சாமி! கொட்டாய்க்குப் பின்னாடி ஒரு செவுரு. நானும் என் பங்காளிங்களும் ஒரே தாவு. டிக்கெட்டாவது ஒண்ணாவது! அப்புறம் அவளைக் கூட்டிட்டுப் போன அன்னிக்குத்தான் மொத மொறையா வரிசையில நின்னேன். கூட்டத்துல சட்டை தோள்பட்டையோட கிழிஞ்சு போச்சு. டிக்கெட்டை மட்டும் விடல. அந்தக் கிழிசலை அவதான் தச்சுக் கொடுத்தா. அந்தச் சட்டை இன்னும் பெட்டியில இருக்கு.”

சாமி சொம்பை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“நாளைக்கு அந்தம்மாவையும் கூட்டிட்டு வாங்க. கொய்யா பழுத்துக் கெடக்கு.”

பதில் வரும் என்று காத்திருந்த தணிகாசலம், கொய்யாவோடு திரும்ப வேண்டியதாயிற்று.

மறுநாள் காலை சம்பூரணம் நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு, கையில் ஒரு கூடையோடு தணிகாசலத்துடன் வந்தாள். மடத்துக் கேட் பூட்டியிருந்தது. உள்ளே சாமி செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

“சாமி! கேட்டு பூட்டியிருக்கு!” என்று குரல் கொடுத்தார் தணிகாசலம்.

“ஆமா, பூட்டித்தான் இருக்கு. செவுரு ஏறி வாங்களேன்.”

தணிகாசலத்துக்குக் கால் குறுகுறுத்தது. வேட்டியை மடித்துக் கட்டினார். மதிலில் கை வைத்து, ஒரு காலைத் தூக்கி இடுக்கில் ஊன்றியும் விட்டார். பழைய பழக்கம் எங்கே போகும்?

“என்னங்க இது?” என்றாள் சம்பூரணம்.

திரும்பிப் பார்த்தார். கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலை மெதுவாகக் கீழே இறக்கினார். வேட்டியையும் இறக்கிவிட்டார்.

“என்ன, ஏறலையா?” என்றார் சாமி.

“நான் ஏறிடுவேன் சாமி. இவளைக் கூட வெச்சுக்கிட்டு எப்படி? நல்லாவா இருக்கும்? நீங்க கேட்டைத் திறங்க. எந்நேரமானாலும் நிக்கிறோம்.”

சாமி இடுப்பிலிருந்து சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தார். சம்பூரணம் கும்பிட்டுவிட்டு, நேரே கொய்யா மரத்தடிக்குப் போனாள். பழங்களைக் கண்டதும் சின்னப் பிள்ளையாகச் சிரித்தாள்.

தணிகாசலம் கேட்டருகிலேயே நின்றார். கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“நேத்து கேட்டதுக்கு இன்னும் பதில் சொல்லலையே சாமி?”

சாமி சொம்பில் மிச்சமிருந்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றினார்.

“நாளைக்குப் படத்தை நீங்க தனியாவா பாக்கப் போறீங்க?”