உப்பைக் கழுவிய உமணன்

கடல் இப்போது இருக்கும் இடத்திலிருந்து ஒரு கூப்பிடு தூரம் தள்ளி இருந்த காலம். அப்போது வெண்கரை என்று ஓர் ஊர் இருந்தது. அந்த ஊரில் மூன்று பொருள்களுக்குக் குறைவே இல்லை: காற்று, வெயில், உப்பு.

அங்கே சேந்தன் என்ற உமணன் இருந்தான். உமணன் என்றால் வண்டி கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய் உப்பு விற்கிறவன். அவன் மனைவி பெயர் கொற்றி. ஒரே மகள் நாகை.

நாகையை மலையடிவாரத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். உப்பு வண்டிகள் போகும் வழியில் அதுதான் கடைசி ஊர். அவள் இப்போது நிறைமாதமாக இருந்தாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது வெண்கரை வழக்கம். உப்பை இறக்கிவிட்டுத் திரும்பும் வண்டியில் பெண்ணை ஏற்றி வருவார்கள். இவர்கள் உப்பைக் கொடுத்துப் பிள்ளை வாங்குகிறவர்கள் என்று பக்கத்து ஊர்க்காரர்கள் கேலி செய்வார்கள்.

அந்த வருடம்தான் காய்ச்சல் வந்தது. முதலில் தொண்டை கரகரக்கும். பிறகு இருமல். பிறகு உடம்பு கொதிக்கும். பலர் எழுந்துவிட்டார்கள். சிலர் எழவில்லை.

ஊர் மூன்றாகப் பிரிந்தது. எல்லாவற்றுக்கும் பயந்தவர்கள் ஒரு கூட்டம். எதற்கும் பயப்படாதவர்கள் ஒரு கூட்டம். எதற்குப் பயப்படுவது என்று தெரியாமல் விழித்தவர்கள் இன்னொரு கூட்டம். முதல் கூட்டத்துக்குச் சேந்தன் தலைவன். இரண்டாவது கூட்டத்துக்குக் கொற்றியின் தம்பி கீரன் தலைவன். மூன்றாவது கூட்டத்தில் கொற்றி இருந்தாள். அதற்குத் தலைவர் என்று யாரும் இல்லை.

சேந்தன் கழுவத் தொடங்கினான். வாசலைக் கழுவினான். மாட்டின் கொம்பைக் கழுவினான். கடலிலிருந்து அப்போதுதான் வந்த மீனைக் கழுவினான். கழுவிய தண்ணீரைக் கழுவ முடியவில்லையே என்று வருத்தப்பட்டான்.

ஒருநாள் பக்கத்து உப்பளத்திலிருந்து ஒரு வண்டி உப்பு வந்தது. கொண்டுவந்தவன் ஒருமுறை இருமினான்.

"யாரும் மூட்டையைத் தொடாதீர்கள்! கழுவ வேண்டும்" என்றான் சேந்தன்.

"மூட்டையையா?" என்றாள் கொற்றி.

"மூட்டையை."

"உள்ளே இருப்பதை?"

"அதையும்தான். வெளியே மட்டும் கழுவினால் போதுமா?"

கொற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவன் முதல் குடத்தைக் கவிழ்த்துவிட்டான். சாயங்காலம் வரை கிணற்றிலிருந்து இறைத்து இறைத்து ஊற்றினான். வெயில் சாய்ந்தபோது வண்டியில் ஈரமான வெறும் சாக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்திருந்தன. முற்றத்திலிருந்து வாய்க்கால் வரை வெள்ளையாக ஒரு கோடு ஓடியது. கோழி ஒன்று அதைக் குடித்துவிட்டுத் தலையை உதறிக்கொண்டு ஓடியது.

வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த கீரன் சொன்னான்: "பலே அத்தான்! இனிமேல் எந்தக் காய்ச்சலும் அந்த உப்பில் ஒட்டாது."

எல்லோரும் சிரித்தார்கள். கடைசியில் சேந்தனும் சிரித்தான். ஆனால் அவன் பயம் மட்டும் கரையவில்லை. மறுநாள் வண்டிகளின் நுகத்தடியைக் கழற்றிக் கூரையில் செருகினான்.

"இனி ஒரு வண்டியும் வெளியே போகாது. நாகை அங்கேயே பெற்றுக்கொள்ளட்டும்."

அந்த வாரமே மலைப்பக்கத்திலிருந்து வந்த ஒரு தேன்காரன் வாசலில் தள்ளி நின்று சேதி சொன்னான். நாகையின் புகுந்த வீட்டில் எல்லோரும் ஒரே கூடத்தில் படுக்கிறார்கள். மலைக் குளிருக்குப் பயந்து கதவைத் திறப்பதே இல்லை. மூன்று பேர் இருமுகிறார்கள். "வண்டி எப்போது வரும் என்று உங்கள் மகள் கேட்கச் சொன்னாள்" என்றான் அவன். வேறெதுவும் சொல்லச் சொல்லவில்லையாம்.

கொற்றி மனதுக்குள் கணக்குப் போட்டாள். அங்கே விட்டாலும் ஆபத்து, அழைத்து வந்தாலும் ஆபத்து. ஆபத்தே இல்லாத வழி என்று ஒன்று இல்லை. எந்த ஆபத்து சின்னது என்று பார்க்க வேண்டும். அதை எப்படிப் பார்ப்பது?

அவள் தினமும் காய்ச்சல் வந்த வீடுகளுக்குக் கஞ்சி கொண்டுபோவாள். முந்தானையால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, பானையை முற்றத்தில் வைத்துவிட்டு, தள்ளி நின்று குரல் கொடுப்பாள். இப்போது கூடவே ஒரு கேள்வியும் கேட்டாள்: "உனக்கு எப்படி வந்தது?"

ஒருவன் சொன்னான்: "வளையல்காரனிடம் வளையல் வாங்கினேன். அதனால்தான்."

ஒருத்தி சொன்னாள்: "விளாம்பழம் தின்றேன். அதனால்தான்."

இன்னொருவன் சொன்னான்: "அந்தப் பூனை. குறுக்கே போனது மட்டுமில்லை, நின்று என்னைப் பார்த்தது."

கொற்றி கேள்வியை மாற்றினாள். "படுப்பதற்கு முந்தின நாட்களில் எங்கே இருந்தாய்?"

மூன்று பேரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். விளக்குப் பூசையில்.

விளக்குப் பூசை வெண்கரையின் பெரிய பூசை. புது உப்பை அள்ளுவதற்கு முன்னால் ஊர் உப்புக் கிடங்குக்குள் கூடி, கதவுகளைச் சாத்திக்கொண்டு, ஒரு விளக்கை ஏற்றிப் பாடும். கடற்காற்றில் விளக்கு அணைந்தால் அந்த வருட உப்பு கசந்துவிடும் என்று நம்பிக்கை. அதனால் ஓட்டைகளில்கூடத் துணியை அடைத்துவிடுவார்கள். எண்ணெய் தீரும் வரை பாட்டு. அந்த வருடம் எண்ணெய் ஊற்றியவன் அழிசி. சேந்தனின் சிநேகிதன். தாராளமாக ஊற்றினான். விளக்கு அணையவில்லை. அழிசிதான் பத்து நாளில் போய்ச் சேர்ந்தான்.

பூசைக்கு வராமல் உப்புப் பாத்தியில் வேலை செய்தவர்கள் பலர் இருந்தார்கள். அவர்களும் அதே வளையல்காரனிடம் வாங்கினார்கள், அதே விளாம்பழத்தைத் தின்றார்கள். வெட்டவெளியில், காற்றில், பக்கத்துப் பக்கத்துப் பாத்தியில் நின்று நாள் முழுக்க வேலை செய்தார்கள். அவர்களில் படுத்தவர்கள் மிகக் குறைவு. அந்தப் பூனை அவர்களையும் பார்த்திருக்கும்.

கொற்றி வீட்டுக்கு வந்து கூரையிலிருந்து நுகத்தடியை உருவினாள்.

"நான் போய் நாகையை அழைத்து வருகிறேன்."

"உனக்குப் பயமே இல்லையா?" என்றான் சேந்தன்.

"இருக்கிறது. இருப்பது ஒரு கைப்பிடிதான். அதை வாசலுக்கும் மீனுக்கும் மாட்டுக் கொம்புக்கும் போட்டுவிட்டால், வேண்டிய இடத்தில் போட எனக்கு மிச்சமிருக்காது."

"வேண்டிய இடம் எது என்று உனக்குத் தெரியுமா?"

"முழுக்கத் தெரியாது. மூன்று கேள்வி வைத்திருக்கிறேன். காற்று வருகிறதா? எத்தனை பேர்? எவ்வளவு நேரம்?"

"அப்படியானால் கழுவவே வேண்டாமா?"

"கையைக் கழுவுங்கள். உப்பை விட்டுவிடுங்கள்."

கீரன் வண்டி ஓட்ட வந்தான். அவனுக்கு ஒரே சந்தோஷம். "வா அக்கா! காய்ச்சலாவது கீய்ச்சலாவது. அதெல்லாம் அத்தான் மாதிரி ஆட்களுக்கு."

போனார்கள். நாகையின் புகுந்த வீட்டு வாசலோடு நின்று அவளை ஏற்றிக்கொண்டார்கள். திரும்பினார்கள். திரும்பும் வழியில்தான் சோதனைகள் வந்தன.

முதலில் ஆறு வந்தது. கடப்பதற்கு ஒரு தெப்பம். அதில் முன்பின் தெரியாத நாலைந்து பேர் நின்றார்கள். நாகை அப்பாவின் மகள். "அம்மா, இவர்கள் யாரோ எவரோ. தெப்பத்தை ஒருமுறை கழுவிவிட்டு..." என்றாள்.

"ஆறே கழுவிக்கொண்டிருக்கிறது. ஏறு" என்றாள் கொற்றி. காற்று வருகிறதா? முந்தானையைப் பறிக்கிறது. எத்தனை பேர்? கொஞ்சம் பேர். எவ்வளவு நேரம்? ஒரு பாட்டு முடிவதற்குள் அக்கரை. ஓரமாக நின்று கடந்தார்கள்.

இரண்டாவதாக மழை வந்தது. வழியில் ஒரு சத்திரம். கீரன் ஓடிப்போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தான்.

"அக்கா, உள்ளே நெருப்பு மூட்டியிருக்கிறார்கள், பொரி வறுக்கிறார்கள், பாட்டு நடக்கிறது. நமக்கும் இடம் இருக்கிறது."

"ஜன்னல்?"

"மழையில் யார் ஜன்னல் திறப்பார்கள்?"

"எத்தனை பேர்?"

"எண்ண முடியாது. அவ்வளவு கலகலப்பு!"

உள்ளேயிருந்து பாட்டு வந்தது. பாட்டுக்கு நடுவே ஓர் இருமலும் வந்தது.

"அம்மா, குளிர்கிறதே" என்றாள் நாகை. கொற்றிக்கு அந்த ஒரு சொல்தான் அந்தப் பயணத்தில் கனமாக இருந்தது. ஆற்றுக்குப் பயப்படாதவள் இங்கே பயந்தாள். வண்டியை ஆலமரத்தடியில் நிறுத்தி, கூண்டின் மேல் சாக்குகளை விரித்து, மகளின் பாதங்களைத் தன் மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். கீரன் சத்திரத்துக்குள் போனான். மழை விடும் வரை பாடினான். மடி நிறையப் பொரியோடு வந்தான்.

"இனி நீ வண்டிக்குப் பின்னால் நடந்து வா" என்றாள் கொற்றி.

"மாட்டை யார் ஓட்டுவது?"

"நான்."

"உப்பு மூட்டைக்குக்கூட வண்டியில் இடம் கொடுக்கிறீர்கள்" என்று புலம்பிக்கொண்டே நடந்தான் கீரன். ஊர் நெருங்கியபோது புலம்பல் நின்றுவிட்டது. அவன் தொண்டை கரகரத்தது.

மூன்றாவதாக வந்தது சொந்த ஊர்.

ஊர் எல்லையில் புதிதாக ஒரு குடிசை. ஓலைச்சுவர், ஒரே ஒரு கதவு, இடுக்குகளில் துணி. முன்னால் நீளமான கழியோடு சேந்தன் நின்றான். ஊர் அவனைக் காவலுக்கு வைத்திருந்தது. குடிசையும் அவன் யோசனைதான்.

"வெளியூரிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் உள்ளே போய் வேப்பம்புகையில் உட்கார வேண்டும். பொழுது சாயும்போது திறந்துவிடுவேன்" என்றான். மகளைப் பார்த்ததும் ஓரடி முன்னே வந்தான். ஆனாலும் கழியை விலக்கவில்லை.

"எத்தனை பேர் உள்ளே?" என்றாள் கொற்றி.

"காலையிலிருந்து வந்தவர்கள் எல்லோரும். ஒருவரையும் விடவில்லை."

"எவ்வளவு நேரமாக?"

"காலையிலிருந்து என்கிறேனே."

"காற்று?"

"ஒரு பொட்டு வராது! புகை வெளியே போய்விட்டால் என்ன பிரயோசனம்?"

உள்ளே இருமினார்கள். புகையா காய்ச்சலா என்று யாராலும் சொல்ல முடியாது.

நாகை வண்டியின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, வலிக்கிறது."

சேந்தன் ஊரையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தான். "நான் என்ன செய்வேன் கொற்றி? ஊர்க்கட்டளை. என் மகளுக்கு மட்டும் மாற்றினால் ஊர் என்ன சொல்லும்?"

"மகளுக்கு மட்டும் மாற்ற வேண்டாம். எல்லோருக்கும் மாற்றுங்கள். அன்றைக்கு விளக்கு அணையக் கூடாது என்று கதவைச் சாத்தினோம். இன்றைக்குப் புகை போகக் கூடாது என்று சாத்தியிருக்கிறீர்கள். அழிசி அண்ணன் எதை வாங்கித் தின்றார், எதைத் தொட்டார் என்று நீங்கள் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறீர்கள். அவர் எங்கே உட்கார்ந்திருந்தார் என்று யோசித்தீர்களா?"

சேந்தன் குடிசையைப் பார்த்தான். இடுக்குகளில் அவன் கையால் அடைத்த துணிகள் இருந்தன. கிடங்கிலும் அன்றைக்கு அவன்தான் அடைத்தான். அழிசி விளக்கருகே இருந்து, "நன்றாக அடை சேந்தா" என்று சொன்னது நினைவுக்கு வந்தது.

அவன் கதவைத் திறக்கவில்லை. கழியை ஓலைச்சுவரில் செருகி நெம்பினான். ஒரு சுவர் விழுந்தது. இரண்டாவது சுவர் விழுந்தது. மூன்றாவது சுவரை உள்ளே இருந்தவர்களே தள்ளினார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து மரத்துக்கு ஒருவராகத் தள்ளித் தள்ளி உட்கார்ந்தார்கள்.

கீரனைத் தென்னந்தோப்பின் கடைசியில் இருந்த காவல் பந்தலில் தனியாகப் படுக்க வைத்தார்கள். நாகையை உப்புக் கொட்டகைக்குக் கொண்டுபோனார்கள். அதற்கு நான்கு கால்களும் ஒரு கூரையும்தான், சுவரே கிடையாது. மறைப்புக்கு ஒரு பக்கம் மட்டும் சேலையைக் கட்டினார்கள். மருத்துவச்சி கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு, வாயைத் துணியால் கட்டிக்கொண்டு வந்தாள். கடற்காற்று கொட்டகையைச் சுற்றிச் சுற்றி வந்தது.

விடியும்போது ஒரு பெண் குழந்தை பிறந்தது. அதன் முதல் அழுகை தென்னந்தோப்பு வரை கேட்டது.

சேந்தன் தூரத்தில் நின்றான். முழங்கை வரை கழுவியிருந்தான். "கொற்றி, குழந்தையைக் கழுவலாமா?" என்று உரக்கக் கேட்டான்.

"தாராளமாக. இவள் கரைய மாட்டாள்."

"அத்தான்!" என்று தோப்பிலிருந்து கட்டைக்குரல் வந்தது. "அவள் மூக்கையாவது மிச்சம் வையுங்கள்!"

கீரன் இரண்டு வாரம் படுத்துக் கிடந்து எழுந்தான். எழுந்த பிறகு நெடுநாள் பாட முடியவில்லை. அதை ஊர் ஒரு குறையாகச் சொல்லவில்லை.

மறு வருடம் விளக்குப் பூசையைக் கிடங்கின் எல்லாக் கதவுகளையும் திறந்துவைத்து நடத்தினார்கள். முதல் பாட்டு முடிவதற்குள் விளக்கு அணைந்தது. எல்லோரும் சேந்தனைப் பார்த்தார்கள். அவன் வெளியே போய்ப் பாத்தியிலிருந்து ஒரு கல் உப்பை எடுத்துவந்து, கழுவாமல், வாயில் போட்டான். பிறகு சொன்னான்: "கரிக்கிறது. நல்ல உப்பு."

கேட்டவர்களே, இந்தக் கதை சொல்லும் நீதி இதுதான்: எல்லாவற்றுக்கும் பயப்படாமலும் எதற்கும் பயப்படாமல் இராமலும், எந்த இடத்தில் பயப்பட வேண்டும் என்று பார்த்துப் பயப்படுகிறவரே தம்மையும் பிறரையும் காப்பார்.