பிக்கப் வண்டிக்கு யூரியா வைத்த கதை

கள்ளிமேட்டூரில் ரோட்டுக்கு அந்தப் பக்கம் குடியிருப்பவர்கள் எல்லாரும் விவரமானவர்கள். நாங்கள் ரோட்டுக்கு இந்தப் பக்கம்.

வீட்டில் நாங்கள் நாலு பேர். என் வீட்டுக்காரர், அவருடைய தம்பி நஞ்சப்பன், தங்கை சிவகாமி, அப்புறம் நான். ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். மற்ற மூவரும் அந்த அளவுக்குப் போகவில்லை. அதனால் வீட்டில் யோசிக்கிற வேலையும் கவலைப்படுகிற வேலையும் என் தலையில் விழுந்தன. இரண்டாவதை நன்றாகவே செய்து வருகிறேன்.

அந்த வருஷம் எனக்குக் கிடைத்த கவலை என் மகள் மேகலா. ஏழு மாதம் முழுகாமல் இருந்தாள். வளைகாப்புப் போட்டுப் பிறந்த வீட்டுக்குக் கூட்டி வர வேண்டும். சம்பந்தியம்மா போனில் கறாராகச் சொல்லிவிட்டார்.

"கல்யாணத்தப்போ தக்காளி வண்டியில ஓசியில வந்து இறங்கினீங்க. என் மருமகளை அப்படித் தக்காளிப் பெட்டி மேல உட்கார வெச்சு அனுப்ப மாட்டேன். சொந்த வண்டியில வந்தா கூட்டிட்டுப் போங்க. இல்லேன்னா பிரசவம் இங்கதான்."

"சொந்த வண்டியிலதான் வருவோம்" என்று சொல்லி போனை வைத்தேன். வைத்த பிறகுதான் எங்களிடம் வண்டியே இல்லை என்பது ஞாபகம் வந்தது.

கார் வாங்கினால் தக்காளி ஏற்ற முடியாது. தக்காளி வண்டி வாங்கினால் ஆள் ஏற முடியாது. இரண்டுக்கும் ஒத்து வருவது டீசல் பிக்கப்தான் என்று முடிவாயிற்று. பழசா, புதுசா என்பதில்தான் வீடு இரண்டாகப் பிரிந்தது.

"பழசே வாங்குவோம்" என்றார் என் வீட்டுக்காரர். "பழைய வண்டியில கெட வேண்டியதெல்லாம் ஏற்கெனவே கெட்டுப் போயிருக்கும். இனிமே கெட ஒண்ணும் இருக்காது."

"புதுசுதான் நல்லது" என்றான் நஞ்சப்பன். "புதுசு கெட ஆரம்பிக்கறதுக்கே நாளாகுமில்ல?"

இரண்டும் எனக்குச் சரியாகப் பட்டன. அதனால் இரவெல்லாம் தூக்கம் வரவில்லை.

கடைசியில் ஒர்க் ஷாப் வைத்திருக்கும் ஆரோக்கியம் அண்ணனிடம் போனோம். அவர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "பழசு பார்க்கப் போனா, இன்ஜின் குளிர்ந்து இருக்கறப்போ ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க. நீங்க என்னென்ன ஏத்துவீங்களோ அதையெல்லாம் ஏத்தி ஓட்டிப் பாருங்க. புகையில கறுப்பு தெரிஞ்சாலும் வேண்டாம், வெள்ளை தெரிஞ்சாலும் வேண்டாம். புதுசு எடுத்தீங்கன்னா, கம்பெனிக்காரங்க சொல்றபடி அப்படியே நடந்துக்கோங்க. அதுல மட்டும் உங்க மூளையப் போட்டுடாதீங்க."

அதில் எங்களுக்குச் சிரமமே இல்லை.

மறுநாள் பழைய பிக்கப் ஒன்றை விற்க வந்தவர் வண்டியை வீட்டு வாசலுக்கே ஓட்டிக்கொண்டு வந்தார். நஞ்சப்பன் பானெட் மேல் கையை வைத்தான். சட்டென்று எடுத்தான்.

"அண்ணி, சுடுது!"

"ஓட்டிட்டு வந்தா சுடாம என்ன பண்ணும்? கொஞ்ச நேரம் நிழல்ல நிக்கட்டும்மா" என்றார் வண்டிக்காரர்.

"குளிர்ந்து இருக்கணும்னுதான் சொன்னாரு. நிழல்ல நிக்கணும்னு சொல்லலையே" என்றார் என் வீட்டுக்காரர்.

நஞ்சப்பன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் மீன் கடையிலிருந்து ஐஸ் பாளம் கொண்டு வந்தான். பானெட்டைத் திறந்து இன்ஜின் மேல் ஐஸை அடுக்கி, சாக்கை நனைத்துப் போர்த்தினோம். குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் செய்வதுபோல் நான் பக்கத்தில் நின்று விசிறினேன். வண்டிக்காரர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். சிவகாமி அவருக்கு மோர் கொடுத்தாள்.

பாவம், அந்த வண்டி நல்ல வண்டி. அப்படி இருந்தும் ஸ்டார்ட் ஆனது. மீன் வாசம் மட்டும் வந்தது.

அடுத்தது, ஏற்றுவதையெல்லாம் ஏற்றிப் பார்க்க வேண்டும். நாங்கள் வாரநாளில் தக்காளி ஏற்றுவோம். சந்தைக்கு ஆடு ஏற்றுவோம். விசேஷத்துக்குப் பட்டுச்சேலையோடு ஏறுவோம். தக்காளிப் பெட்டிகளை ஏற்றினோம். மூன்று ஆடுகளை ஏற்றினோம். சிவகாமி உள்ளே போய்த் தன் கல்யாணப் பட்டைக் கட்டிக்கொண்டு, பூ வைத்துக்கொண்டு வந்து நடுவில் உட்கார்ந்தாள்.

"எல்லாத்தையும் ஒரே தடவையிலயா ஏத்துவீங்க?" என்றார் வண்டிக்காரர்.

"வண்டி ஒண்ணுதானேங்க" என்றேன்.

ஊரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தபோது தக்காளியை ஆடு தின்றிருந்தது. சிவகாமியின் தலையில் இருந்த பூவையும் தின்றிருந்தது. சிவகாமி தக்காளி மேல் உட்கார்ந்திருந்தாள்.

"வண்டி எப்படி இருக்கு?" என்று நான் பதறிப்போய்க் கேட்டேன்.

"ஆட்டுக்குப் பிடிச்சிருக்கு அண்ணி" என்றாள்.

கடைசியாகப் புகை. ஜாக்கெட் துணிக்கு மேட்ச் பார்ப்பதில் என்னை மிஞ்ச ஒட்டன்சத்திரம் வரைக்கும் ஆள் கிடையாது. அதனால் அந்தப் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். ஒரு பை நிறைய வெட்டுத் துணிகளை எடுத்துக்கொண்டு புகைக்குழாய்க்குப் பின்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புகையில் காட்டினேன். மாம்பழ மஞ்சளைக் காட்டினேன், மேட்ச் ஆகவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்தேன், ஆகிவிட்டது. வெள்ளையையும் பிடித்தேன், ஆகிவிட்டது. கறுப்பைப் பிடித்த மாத்திரத்தில் ஆனது. கிளிப்பச்சைகூட மேட்ச்.

"என்ன கலருடி?" என்றார் என் வீட்டுக்காரர்.

"எல்லாக் கலரும் இருக்குங்க."

"அப்போ அதுல கறுப்பும் இருக்கு, வெள்ளையும் இருக்கு" என்றான் நஞ்சப்பன் சோகமாக. "வேண்டாம் அண்ணா."

வண்டிக்காரரிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கினேன். அவர் நான் சொல்வதற்கு முன்னாலேயே கையெடுத்துக் கும்பிட்டார். மிகவும் மரியாதை தெரிந்த மனிதர்.

ஆக, புதுசே வாங்கினோம்.

ஷோரூமில் சாவி கொடுத்த தம்பி டை கட்டியிருந்தான். மூன்று விஷயம் சொன்னான். இதில் டீசல் டேங்க் தனி, புகையைச் சுத்தம் செய்கிற யூரியாவுக்கு டேங்க் தனி. யூரியா இல்லாவிட்டால் வண்டி நகராது. முதல் ஆயிரம் கிலோமீட்டருக்குப் பாரமே ஏற்றக் கூடாது.

"ஓட்டுறவரும் பாரம்தானே தம்பி?" என்று நான் கவலையோடு கேட்டேன்.

"டிரைவரைப் பாரத்துல சேர்க்க மாட்டோம்மா" என்று சிரித்தான். அதை நாலாவது விஷயமாக மனதில் முடிந்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் வண்டியைச் சுற்றி உட்கார்ந்தோம். யூரியா விஷயத்தில் எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பரம்பரையாக விவசாயம்.

"வெறும் யூரியா வெச்சா தழைதான் வரும். காய் பிடிக்காது. பொட்டாஷ் சேர்க்கணும்" என்றார் என் வீட்டுக்காரர்.

"வேப்பம்புண்ணாக்கு கலந்து வெச்சா மெதுவாக் கரையும் அண்ணா. நின்னு வேலை செய்யும்" என்றாள் சிவகாமி.

"மூடியத் திறந்து உள்ள கொட்டிடலாமா?" என்றான் நஞ்சப்பன்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "உனக்கு எத்தனை தடவை சொல்றது? தண்டுல பட்டா கருகிடும். அரை அடி தள்ளி வட்டமா வெக்கணும்."

நாலு டயரைச் சுற்றியும் அரை அடி தள்ளி வட்டமாகக் குழி பறித்து, யூரியா, பொட்டாஷ், வேப்பம்புண்ணாக்கு மூன்றையும் கலந்து வைத்து மண்ணை மூடித் தண்ணீர் விட்டோம். மறுநாள் காலையில் நஞ்சப்பன் சாவியைத் திருப்பினான். வண்டி நகர்ந்தது. எங்களுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. டயர் நின்ற இடத்தில் அந்த வாரமே அறுகம்புல் முழங்கால் உயரம் வந்தது. ஆட்டுக்குப் புது வண்டியும் பிடித்துப்போயிற்று.

வளைகாப்பு நாள் வந்தது. ஏழு வகைச் சாதம், பழத்தட்டு, வளையல் பெட்டி எல்லாம் தயார். வண்டி இன்னும் ஆயிரம் கிலோமீட்டர் ஓடவில்லை. ஷோரூமிலிருந்து வீட்டுக்கு வந்த தூரம்தான் ஓடியிருந்தது.

"பாரம் ஏத்தக் கூடாது. ஆனா சொந்த வண்டியிலதான் போகணும்" என்றேன்.

டிரைவர் பாரமில்லை என்பதால் நஞ்சப்பன் மட்டும் ஏறினான். புளிச்சாத அண்டாவை என் வீட்டுக்காரர் தலையில் தூக்கிக்கொண்டார். மீதி ஆறு சாதத்தை நானும் சிவகாமியும் பங்கு போட்டுத் தலையிலும் இடுப்பிலுமாக எடுத்துக்கொண்டு, தட்டுகளையும் வளையல் பெட்டியையும் தோளில் கட்டிக்கொண்டோம். வண்டி காலியாக முன்னால் போனது. நாங்கள் பின்னால் நடந்தோம். நாங்கள் பின்தங்கும்போதெல்லாம் நஞ்சப்பன் வண்டியை நிறுத்தி, எங்களுக்கு ஹாரன் அடித்தான்.

சம்பந்தி வீட்டு வாசலுக்குப் போனபோது எங்கள் முகத்தில் ஏழு வகைச் சாதமும் வழிந்துகொண்டிருந்தது.

"சொந்த வண்டியில வர்றதாச் சொன்னீங்களே?" என்றார் சம்பந்தியம்மா.

"அதான் முன்னாலேயே வந்துடுச்சே" என்றேன், மூச்சு வாங்கிக்கொண்டு.

சம்பந்தியம்மா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். ஒரு கீறல் இல்லை, ஒரு தக்காளி விதை இல்லை. வளையல் அடுக்கிச் சந்தனம் பூசி, "கூட்டிட்டுப் போங்க. ஆனா என் மருமக அந்த வண்டியிலதான் வரணும். நடத்திக் கூட்டிட்டுப் போனீங்க, அப்புறம் இருக்கு" என்றார்.

எனக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. நஞ்சப்பன் ஓட்டினால் மேகலா பாரம். அதுவும் சாதாரண பாரமா? ஒன்றுக்கு இரண்டாக இருக்கிறாள். வாசலிலேயே நாலு பேரும் வட்டமாக நின்று யோசித்தோம். என் மகளும் வந்து வட்டத்தில் சேர்ந்துகொண்டாள்.

"ஏம்மா, டிரைவர் பாரமில்லைதானே? நான் டிரைவர் சீட்டுல உட்கார்ந்துக்கறேன்" என்றாள்.

பெற்ற வயிறு குளிர்ந்தது. அப்படியே என் மூளை.

"உனக்குத்தான் ஓட்டத் தெரியாதே புள்ள?" என்றார் அவள் அப்பா.

"இன்ஜினைப் போட்டாத்தானேப்பா ஓட்டத் தெரியணும்?"

மேகலா கை நிறைய வளையலோடு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். நாங்கள் நாலு பேரும் பின்னால் போய்த் தள்ளினோம். சம்பந்தியம்மா வாயைத் திறந்தவர் நாங்கள் தெருமுனை திரும்பும்வரை மூடவில்லை. அவ்வளவு சந்தோஷம் போலிருக்கிறது.

கள்ளிமேட்டூர் வந்து சேர்ந்தபோது எங்களுக்கு நிற்கவே தெம்பில்லை. என் வீட்டுக்காரர் மட்டும் நாக்குத் தள்ள வண்டிக்குள் எட்டி டீசல் முள்ளைப் பார்த்தார். பார்த்துவிட்டு, பழசுதான் வாங்க வேண்டும் என்று அடம்பிடித்த அதே மனுஷர், தம்பியைக் கட்டிக்கொண்டார்.

"நீ சொன்னதுதான்டா சரி. இத்தனை தூரம் வந்திருக்கோம், ஒரு சொட்டு குறையல. பழசு எங்கடா இந்த மைலேஜ் குடுக்கும்?"