உதைக்குக் கருப்பட்டி இல்லை

கிட்ட வந்து உட்காருங்க. இன்னும் கொஞ்சம் கிட்ட. இது குதிரை உதைக்கிற கதைதான். ஆனால் உதை உங்கள் மேல் விழாது, கரடி மேல்தான் விழும்!

மூங்கில் காட்டுக்குள் ஒரு குளம். குளத்தங்கரையில் ஒரு மருத மரம். அந்த மரத்தடியில் சடையன் என்கிற கரடி உலை போட்டிருந்தான். காட்டுக் குதிரைகளுக்கெல்லாம் குளம்பு சீவி லாடம் அடிப்பது அவன் வேலை.

அன்று காலை அங்கே ஒரே அமளி.

டமார்! துருத்தி பறந்துபோய்க் குளத்துச் சேற்றில் விழுந்தது. படார்! சடையன் பறந்துபோய்த் துருத்தி மேல் விழுந்தான்.

உதைத்தது பொரியன் என்கிற குதிரைக்குட்டி. சட்டியில் பொரி துள்ளுவது போல எப்போதும் துள்ளுவான், அதனால் அந்தப் பேர்.

அவன் அம்மா சாம்பி பதறி ஓடி வந்தாள். "ஐயோ என் தங்கமே, பயந்துட்டியா?" மரத்து வேரடியில் ஓர் ஓலைக்கொட்டான் நிறையக் கருப்பட்டி இருந்தது. அதில் ஒரு சில்லைக் கவ்வி எடுத்து மகன் வாயில் வைத்தாள்.

"பயந்தது அவனா, நானா?" என்று கத்தினான் சடையன். மூக்கிலிருந்து சேறு வழிந்தது. "இது மூணாவது உதை, தாயே! என் கட்டைவிரல் நகம் பிளந்து தொங்குது பாரு! இனி இவன் காலை நான் தொட மாட்டேன்!"

"அப்படிச் சொல்லாதீங்க அண்ணே!" சாம்பிக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்காமல் என்ன செய்யும்? குளத்துத் தண்ணீர் வற்றி வற்றித் தாம்பாளம் அளவுக்கு வந்துவிட்டது. இன்னும் ஆறு நாளில் குதிரைக்கூட்டம் கல்லுக்கணவாயைத் தாண்டி ஆற்றங்கரைக்குப் போகிறது. பொரியனுக்கோ முன்னங்கால் குளம்பு நீண்டு வெடித்திருந்தது. சீவி லாடம் அடிக்காவிட்டால் அந்தக் கல்லில் பத்தடி நடக்க மாட்டான். அவனை விட்டுவிட்டு அவளும் போக மாட்டாள்.

இதையெல்லாம் பாறை மேல் நின்று அசைபோட்டுக்கொண்டே ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கொம்பி என்கிற வெள்ளாடு. பொரியன் வயசுதான் அவளுக்கும். பொரியன் என்றால் அவளுக்கு உயிர். அவன் முதுகில் ஏறி நின்றால்தானே உசரக் கிளையில் இருக்கிற கொழுந்து எட்டும்!

கொம்பி ஒன்றைக் கவனித்தாள். முதல் உதை நிஜமாகவே பயத்தில் வந்தது, அதற்கு ஒரு சில்லு கிடைத்தது. இரண்டாவது உதைக்கு முன்னால் பயல் கொட்டானை ஓரக்கண்ணால் பார்த்தான். மூன்றாவதுக்கு முன்னால் நாக்கையே சப்புக்கொட்டினான்!

'அடப்பாவி' என்று நினைத்துக்கொண்டாள் கொம்பி. பாறையிலிருந்து ஒரே தாவு.

"சாம்பியக்கா, அந்தக் கொட்டானை என்கிட்ட கொடு. அஞ்சு நாளில் உன் மகனைக் கோயில் தூண் மாதிரி நிக்க வைக்கிறேன்."

"ஆட்டுக்கிட்டக் கருப்பட்டியா?" சாம்பி கொட்டானுக்குக் குறுக்கே வந்து நின்றாள். "போன வாரம் என் வால் மயிரையே மென்னவதானே நீ?"

"அது வைக்கோல்னு நினைச்சேன். இதில் ஒரு சில்லு தின்னேன்னா என் தாடியைப் பிடுங்கிக்கோ!"

சாம்பிக்கு வேறு வழி இல்லை. கொட்டான் கை மாறியது. ஆட்டுக்கு ஏது கை? கால் மாறியது.

முதல் நாள் கொம்பி பொரியனின் முன்னங்காலைத் தன் தோளால் மெல்ல உரசினாள். அவ்வளவுதான், படீரென்று ஓர் உதை! கொம்பி நகர்ந்துகொண்டாள். உதை காற்றில் போனது.

பொரியன் வாயைத் திறந்தபடி காத்திருந்தான். ஒன்றும் வரவில்லை.

"கருப்பட்டி எங்கே?"

"உதைக்குக் கருப்பட்டி இல்லை."

"அம்மா கொடுப்பாளே!"

"அம்மாகிட்டப் போய் உதை."

பொரியனுக்கு ரோஷம் வந்துவிட்டது. உதைத்தான், உதைத்தான், உதைத்துக்கொண்டே இருந்தான். புல் பறந்தது, புழுதி பறந்தது, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த தவளையும் பறந்தது. கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டு சும்மா நின்றான். கொம்பி மறுபடி தோளால் உரசினாள். உதைக்க அவனிடம் தெம்பு இல்லை. சட்டென்று ஒரு சில்லு அவன் வாய்க்குள் விழுந்தது!

பொரியன் முழித்தான். "இப்போ நான் ஒண்ணுமே செய்யலையே!"

"அதுக்குத்தான்!"

இரண்டாம் நாள் கொம்பி அவன் குளம்பைத் தன் இரண்டு கொம்புக்கும் நடுவில் வாங்கித் தூக்கினாள். பொரியன் ஓட்டம் எடுத்தான், மூன்று காலில்! கொம்பி விடவில்லை. குளத்தைச் சுற்றி ஒரு சுற்று, மருத மரத்தைச் சுற்றி இரண்டு சுற்று. சேற்றில் புரண்டு, முள்ளில் சிக்கி, தாடி முழுக்கச் சருகு.

"விடுடி என் காலை!"

"நீ நில்லு, நான் விடறேன். நீ இழுத்தா நானும் கூடவே வருவேன். எனக்கும் ஊர் சுத்தப் பிடிக்கும்!"

அவன் நின்றான். நின்ற அந்தக் கணமே கொம்பி காலை இறக்கிவிட்டாள். ஒரு சில்லும் கிடைத்தது. அடுத்த தடவை ஒரு வாய் அசைபோடும் நேரம் நின்றான். அதற்கடுத்து மூன்று வாய். சாயங்காலத்துக்குள் நாலு காலையும் தூக்கிப் பார்த்தாகிவிட்டது. சாம்பிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

மூன்றாம் நாள்தான் கதை கெட்டது. கொம்பி ஒரு கூழாங்கல்லை வாயில் கவ்விக்கொண்டு குளம்பில் 'டொக் டொக்' என்று தட்டினாள். பொரியன் "அம்மா!" என்று அலறிக் காலை உதறினான். சாம்பிக்கு நெஞ்சு தாங்கவில்லை. ஓடி வந்து ஒரு சில்லை எடுத்து அவன் வாயில் திணித்துவிட்டாள்.

அவ்வளவுதான். அன்று முழுக்க உதைதான். தோளால் உரசினாலும் உதை, பக்கத்தில் தும்மினாலும் உதை.

"ஏன்க்கா இப்படிச் செஞ்சே?" கொம்பிக்கு நிஜமாகவே கோபம். "நீ கொடுத்தது ஒரே ஒரு சில்லு. எனக்குப் போனது ரெண்டு நாள் பாடு!"

"பிள்ளை அழுதானே..."

"அழறப்போ பக்கத்தில் நில்லு. கழுத்தை நக்கிக் கொடு. கருப்பட்டியை மட்டும் தொடாதே. நாளைக்கு அவன் அந்தக் கணவாயில் நொண்டிக்கிட்டு அழுதா எந்தக் கருப்பட்டி ஆற்றும்?"

சாம்பி கொட்டானைத் தானே மூக்கால் தள்ளி, ஆட்டின் காலடியில் கொண்டுபோய் விட்டாள்.

நாலாம் நாள் மறுபடி முதலிலிருந்து. சாம்பி மகன் கழுத்தில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றாள். டொக் டொக். பொரியன் அதிர்ந்தான், ஆனால் நின்றான். சில்லு! ஐந்தாம் நாள் கொம்பி அவனை உலைப் பக்கம் கூட்டிப்போய்ப் புகையைக் காட்டினாள். பழுத்த இரும்பைத் தண்ணீரில் முக்கினால் 'ஸ்ஸ்ஸ்' என்று சீறுமே, அதைக் கேட்க வைத்தாள். "பாம்பா?" என்றான் பொரியன். "பாம்பு இல்லை, உன் செருப்பு வேகுது!" என்றாள் கொம்பி. அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கிற குதிரை எங்கே உதைக்கும்?

ஆறாம் நாள் காலையில், கொம்பி கெஞ்சிக் கூப்பிட்டதால், சடையன் வந்தான். வயிற்றில் ஒரு கட்டு வைக்கோலைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தான். தலையில் மண்சட்டியைக் கவிழ்த்திருந்தான்.

"மாமா, கல்யாணத்துக்கா போறீங்க?" என்றான் பொரியன்.

"வாயை மூடிக்கிட்டுக் காலைக் கொடுடா!"

கொடுத்தான். உளி சீவியது, அரம் தேய்த்தது. வெடித்த குளம்பு பிறை பிறையாகக் கீழே விழுந்தது. லாடம் வைத்தபோது புகை கிளம்பியது. பொரியன் காது இரண்டும் விடைத்து நின்றன. அப்போது பார்த்துச் சடையன் கையிலிருந்து சுத்தியல் நழுவிப் பட்டறைக்கல் மேல் விழுந்தது. டங்ங்!

காக்கைகள் எழும்பிப் பறந்தன. சடையன் சட்டிக்குள் தலையை இழுத்துக்கொண்டான். பொரியனின் கால் கரடியின் மடியில் வெடவெடவென்று நடுங்கியது.

நடுங்கியது, ஆனால் அங்கேயே இருந்தது!

கொம்பி அவசரப்படவில்லை. நடுக்கம் அடங்கட்டும் என்று இருந்தாள். அடங்கியதும், கொட்டானில் இருந்ததிலேயே பெரிய சில்லு அவன் வாய்க்குப் போனது.

நாலு காலுக்கும் லாடம் அடித்தாயிற்று. பொரியன் பாறை மேல் ஏறி டக்கு டக்கு, டக்கு டக்கு என்று ஒரு ஆட்டம் போட்டான். "கேட்டியாம்மா? நான்தான் இந்தச் சத்தம் போடறேன்!" நாளைக் காலை கூட்டத்தோடு அவனும் கணவாய் ஏறுவான். சாம்பி கரடியையும் நக்கினாள், ஆட்டையும் நக்கினாள், ஆள் தெரியாமல் தவளையையும் நக்கினாள்.

"எல்லாம் சரி அண்ணே," என்றாள் கொம்பி, "அந்தப் பிளந்த நகத்தைக் காட்டுங்க. அரத்தால் தேய்ச்சு விடறேன்."

சடையன் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான். "அதெல்லாம் வேண்டாம்! தானாச் சரியாயிடும்!" கொம்பி அரத்தை வாயில் கவ்விக்கொண்டு ஓரடி வைத்தாள். "ஐயோ! அம்மா!" கரடி உதைத்த உதையில் துருத்தி மறுபடியும் சேற்றில் போய் விழுந்தது. உதைத்த கையோடு கொட்டானை ஓரக்கண்ணால் பார்த்தான்.

"மாமா," என்றான் பொரியன், "அப்படிக் கேட்டா அது வராது!"

எதற்குக் கூலி கொடுக்கிறோமோ அதுதான் வளரும் என்று தெரிந்த கொம்பி, மிச்சமிருந்த கடைசிச் சில்லைக் காலடியில் வைத்துக்கொண்டு, கரடி தானாகவே கையை நீட்டும் வரை ஆற அமர அசைபோட்டுக்கொண்டு நின்றாள்.