பொன்முலாம் பூணில் சிக்கிய கை

தீர்ப்புச் சொல்ல ஆசைப்படுகிறவர்கள் அவசரப்படாமல் கடைசிவரை கேளுங்கள்.

பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்துப் புதுச்சேரியில் முசே ரெமி என்று வெண்கல வேலை தெரிந்த ஒருவர் இருந்தார். சீனத்துப் பீங்கான் ஜாடிகளின் கழுத்துக்கு வெண்கலப் பூண் செய்து, பொன்முலாம் பூசிப் பொருத்துவது அவர் தொழில். அன்று பட்டறையில் இருந்த ஜாடி சேஷாசலச் செட்டியாருடையது. பூண் முசேயுடையது. விற்கிறவரை அவரவர் பொருள் அவரவருக்கு என்று பேச்சு. மதலேனம்மாள் அங்கே மெருகு போடுகிறவள்.

பூண் பொருத்தி முடிந்ததும் அரக்குத் துண்டொன்று ஜாடிக்குள் விழுந்துவிட்டது. "உன் கை சின்னதும்மா, எடுத்துடு," என்றார் முசே. கை சுலபமாக உள்ளே போயிற்று. வெளியே வரத்தான் மறுத்தது. பீங்கானைப் பற்றிக்கொள்வதற்காகப் பூணின் உட்புறம் மடக்கியிருந்த தகட்டு நாக்குகள் மீன் பிடிக்கிற மூங்கில் பறியைப் போல மணிக்கட்டைக் கவ்விக்கொண்டன. அவை அங்கே இருப்பது முசேக்குத் தெரியும். சொல்ல மறந்துவிட்டார், அவ்வளவுதான்.

நல்லெண்ணெய் ஊற்றிப் பார்த்தார்கள். கை இன்னும் வீங்கியது, விரல்கள் மரத்துப்போயின. மதலேனுக்கோ கை போனால் பிழைப்பும் போயிற்று.

செய்தி கேட்டு ஓடிவந்த செட்டியார், "பூணை அராவி எடுங்க முசே. ஜாடி உடைஞ்சா ஒட்டுமா? பூணை மறுபடி பண்ணிக்கலாம்," என்றார். நியாயமான பேச்சுதான்.

ஆனால் முலாம் பூசுவது லேசுப்பட்ட காரியமில்லை. பொன்னைப் பாதரசத்தில் கரைத்துப் பூசி நெருப்பில் காட்டவேண்டும். பாதரசம் புகைந்து போனால்தான் பொன் ஒட்டும். அந்தப் புகையில் முசேயின் பல்லெல்லாம் கொட்டிவிட்டது, கை எந்நேரமும் நடுங்கியது. இன்னொரு தரம் அந்த அடுப்பை மூட்டினால் பிழைக்கமாட்டாய் என்று வைத்தியர் சொல்லியாகிவிட்டது.

"ஜாடியை உடைங்க," என்றார் முசே.

இரண்டு பேரும் மாறி மாறிக் கத்தினார்கள். நடுவில் மதலேன் ஜாடியை மார்போடு அணைத்தபடி நின்றாள். உட்காரவும் முடியவில்லை, ஓடவும் முடியவில்லை. யாராவது ஒருவர் மனசு வைத்தால்தான் அவளுக்கு விடுதலை.

கடைசியில் முசே இறங்கிவந்தார். அரத்தை எடுத்துப் பூணின்மேல் வைத்தார்.

"வேணாம் முசே, உங்க உசுரு போயிடும்!" என்றாள் மதலேன். ஜாடியை வாசற்படியில் ஓங்கி அடித்தாள். பீங்கான் சிதறியதும் பிடிப்பில்லாத நாக்குகள் நெகிழ்ந்து, கை ரத்தத்தோடு வெளியே வந்தது.

"யாரைக் கேட்டும்மா உடைச்சே?" செட்டியாருக்கு அழுகையே வந்துவிட்டது. அது அவர் பாட்டனார் கப்பலேறிப் போய்க் கொண்டுவந்த ஜாடி.

பூணை அராவச் சொன்ன செட்டியார், அரத்தை எடுத்த முசே, ஜாடியை உடைத்த மதலேன். இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: மதலேன் செய்ததே சரி. செட்டியார் இழந்தது அருமையான பொருள்தான், ஆனாலும் பொருள். முசே இறங்கிவந்தது பெரிய மனசுதான், ஆனாலும் வினை அவர் வைத்தது. தன் கையே போகவிருந்த வேளையிலும் அடுத்தவர் உயிரை நினைத்தவள் அவள் ஒருத்திதான். வழக்கைக் கேட்ட ஊர் மத்தியஸ்தரும் இதைச் சொல்லி அவளைக் குற்றமில்லை என்று விட்டார். நாக்குகளைப் பற்றிச் சொல்லாமல் கையை விடச் சொன்ன முசேயே செட்டியாரின் இன்னொரு ஜாடிக்குக் கூலியில்லாமல் புதுப் பூண் செய்து முலாம் பூசித் தரவேண்டும் என்றும் தீர்த்தார். அதிலும் குறை சொல்ல முடியாது. முசே அந்தப் பாதரச அடுப்பை மூட்டப் போனார். மதலேன் கைக்கட்டோடு அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.