தவிப்பு

"அம்மா, இந்த மூச்சை என்னால அடக்க முடியலை" என்றார் மாசிலாமணி.

மலையடிவாரத்து மடத்துக்கு அவர் வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அறுபதை நெருங்கும் வயது. மடத்தை நடத்திய குமுதவல்லி அம்மா அவரைவிட இளையவர். துறவுக்கு வருமுன் ஆபரேஷன்களுக்கு மயக்க மருந்து கொடுக்கும் டாக்டராக இருந்தவர்.

"அடக்கினா என்ன ஆகுது?"

"கொஞ்ச நேரத்துல நெஞ்சு முட்டுது. நான் வேண்டாம்னாலும் அதுவே இழுத்துக்குது."

"நல்லதுதானே?"

"என் உடம்புல என் பேச்சுக்கு மதிப்பில்லையே!"

அம்மா தன் பிடரியைத் தொட்டுக் காட்டினார்.

"இதுக்கு உள்ளே, மூளைக்கு அடியில ஒரு தண்டு இருக்கு. நீங்க தூங்கும்போதும் மூச்சு விடச் சொல்றது அதுதான். யார்கிட்டயும் அனுமதி கேட்காது."

"கேட்க வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார் மாசிலாமணி.

மடத்துக்குப் பின்னால் ஒரு சுனை. நெஞ்சளவுத் தண்ணீர். காலையில் அவர் அதில் இறங்கி, அடியில் இருந்த பாறையைப் பிடித்துக்கொண்டு மூழ்கி உட்காருவார். நெஞ்சு முட்டும். எழுந்துவிடுவார். எழும்போதெல்லாம் தன்மேலேயே ஆத்திரம் வரும்.

ஒரு நாள் இறங்குவதற்கு முன் வேகவேகமாக, ஆழமாக மூச்சு விட்டுப் பார்த்தார். தலை லேசாகச் சுற்றியது. மூழ்கினார்.

நெஞ்சு முட்டவில்லை.

இன்னும் இருந்தார். முட்டவில்லை. தண்ணீருக்குள் கண்ணைத் திறந்தார். பாறையில் பாசி மெல்ல அசைந்துகொண்டிருந்தது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தார். சிரிப்பு வந்தது.

அதற்கு மேல் அவருக்கு எதுவும் நினைவில்லை.

தண்ணீர் எடுக்க வந்த அம்மா, படியில் அவருடைய துண்டு கிடப்பதைப் பார்த்தார். அடுத்து, தண்ணீருக்குள் அவர் முதுகைப் பார்த்தார். கை பாறையை விட்டிருந்தது.

குடத்தைப் போட்டுவிட்டுக் குதித்தார்.

மாசிலாமணி கண் விழித்தபோது படியில் ஒருக்களித்துக் கிடந்தார். இருமினார். குடித்த தண்ணீரெல்லாம் வெளியே வந்தது. பக்கத்தில் அம்மா சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்தார்.

"ஏம்மா என்னைத் தூக்கினீங்க?"

"இறங்குறதுக்கு முன்னால என்ன செஞ்சீங்க?"

சொன்னார்.

அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

"ரத்தத்துல கெட்ட காத்து சேர்ந்தாத்தான் அந்தத் தண்டுக்கு உறைக்கும். உடனே மூச்சை இழுன்னு விரட்டும். நல்ல காத்து குறையறது அதுக்கு அவ்வளவு சீக்கிரம் தெரியாது. நீங்க ஊதி ஊதிக் கெட்ட காத்தை முன்னாடியே வெளியேத்திட்டீங்க. அது பாட்டுக்குச் சும்மா இருந்துச்சு. உள்ளே இருந்த நல்ல காத்து தீர்ந்து, நினைவு தப்பிடுச்சு. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா செத்திருப்பீங்க."

"செத்தா என்ன? தவிப்பு இல்லாம இருந்தேன்மா. அதுக்குத்தானே இங்க வந்தேன்."

"அந்தத் தவிப்பு உங்களை என்ன பண்ணுச்சு?"

மாசிலாமணி சுனையைப் பார்த்தார். பிறகு, இதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொன்னார்.

"என் சம்சாரம் கோமளாவுக்கு நுரையீரல் சுருங்கிப்போச்சு. கடைசி நாள் பூரா மூச்சுக்கு இழுத்துக்கிட்டே கிடந்தா. கழுத்து நரம்பெல்லாம் புடைச்சுக்கிட்டு. நான் கையைப் பிடிச்சுக்கிட்டு, போதும் கோமளா, விட்டுடுன்னு கெஞ்சினேன். அந்தப் பாழாப்போன மூச்சு விடலையே அம்மா! அவளைப் போட்டு அந்தப் பாடு படுத்துச்சு. நான் சாகறப்போ அது என்கிட்ட இருக்கக்கூடாதுன்னு அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்."

அம்மா முந்தானையைப் பிழிந்தார்.

"ஐயா, உங்களைப் படி வரைக்கும் இழுத்துக்கிட்டு வந்தது மட்டும்தான் நான். முகம் நீலமாயிருந்தது. மூச்சே இல்லை. வாயில ஊதலாம்னு குனிஞ்சேன். அதுக்குள்ள ஒரு சத்தத்தோட மூச்சை இழுத்தீங்க."

"நானா? எனக்குத்தான் நினைவே இல்லையே."

"ஆமா. இழுத்தது நீங்க இல்லை, அந்தத் தண்டு."

மாசிலாமணி குனிந்து பார்த்தார். அவர் மார்பு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"அப்போ கோமளாகிட்ட..." என்று தொடங்கினார்.

"நீங்க போதும்னு சொன்னீங்க. டாக்டருங்களும் சொல்லியிருப்பாங்க. அந்தம்மாவே மனசுக்குள்ள நினைச்சிருக்கலாம்" என்றார் அம்மா.

"கடைசி வரைக்கும் அவங்களைக் கைவிடாம, போதும்னு சொல்லாதது அந்த மூச்சு ஒண்ணுதான்."